பள்ளியில் இலவச நாப்கின்: பெற்றோரும் ஆசிரியர்களும் கேட்கும் கேள்விகள்

அரசு மேல்நிலைப் பள்ளியில் பல வருடம் பாடம் நடத்தியதோடு, நாப்கின் விநியோகப் பொறுப்பையும் பார்த்தவள் நான். ஓய்வு பெற்ற பிறகும் பெற்றோர் கூட்டங்களுக்குக் கூப்பிடுகிறார்கள். அங்கே திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு, எனக்குத் தெரிந்ததை வைத்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

பள்ளிகள் மாணவிகளுக்கு நாப்கினை இலவசமாகத் தரத்தான் வேண்டுமா?

ஆமாம், தர வேண்டும். அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி, தனியார் பள்ளி என்ற வித்தியாசம் இதில் வேண்டாம். ஆனால் தருகிறோம் என்று அறிவிப்பதோடு வேலை முடிந்துவிடாது. எத்தனை தருகிறோம், எங்கே வைத்திருக்கிறோம், யாரிடம் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது என்பதெல்லாம் சேர்ந்துதான் அந்தத் திட்டம் பிள்ளைக்கு உதவுகிறதா இல்லையா என்று முடிவாகிறது. ஒரு மாணவி யாரிடமும் வாய் திறந்து கேட்காமல், கழிப்பறையிலேயே கையை நீட்டி எடுத்துக்கொள்ளும்படி இருக்க வேண்டும். நான் வலியுறுத்துவது இதைத்தான்.

தமிழ்நாட்டில் ஏற்கெனவே தருகிறார்களே, பிறகு என்ன பிரச்சினை?

தருகிறார்கள். அதில் நாம் பெருமைப்படவும் செய்யலாம். 2011-ல் அறிவித்து 2012-ல் தொடங்கிய ‘புதுயுகம்’ திட்டத்தில் 10 முதல் 19 வயது வரையுள்ள பெண்களுக்கு இலவசமாக நாப்கின் கிடைக்கிறது. முதலில் கிராமப்புறத்துக்கு மட்டும் இருந்தது, பின்னால் நகர்ப்புறத்துக்கும் விரிந்தது. பள்ளிக்கு வரும் பிள்ளைகளுக்குப் பள்ளி வழியாகவும், படிப்பை நிறுத்திய பிள்ளைகளுக்கு அங்கன்வாடி, கிராம சுகாதார செவிலியர் வழியாகவும் போகிறது. அரசு மருத்துவமனையில் பிரசவித்த தாய்மாரையும் சிறையில் இருக்கும் பெண்களையும்கூடத் திட்டம் மறக்கவில்லை. இந்தியாவில் பல மாநிலங்கள் இதைப் பற்றிப் பேசவே தயங்கிய காலத்தில் இங்கே இது நடந்தது.

குறை விநியோகத்தில் இருக்கிறது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மூன்று பாக்கெட் என்பது கணக்கு. பாக்கெட் வந்ததும் பெயர் கூப்பிட்டு, கையெழுத்து வாங்கிக் கொடுத்துவிடுவோம். பிள்ளை அதை வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவாள். வீட்டில் அம்மாவும் அக்காவும் இருந்தால் ஒரே மாதத்தில் தீர்ந்துவிடும். அப்புறம் ஒரு நாள் மூன்றாவது பீரியடில் அவளுக்கு மாதவிடாய் வந்துவிட்டால் பள்ளியில் அவசரத்துக்கு என்ன இருக்கிறது? பல இடங்களில் ஆசிரியர் அறை பீரோவில் ஒன்றிரண்டு பாக்கெட் இருக்கும். பீரோவுக்குப் பூட்டு இருக்கும். சாவி ஒரு ஆசிரியையிடம் இருக்கும். அவர் அன்றைக்கு விடுப்பு.

ஆசிரியர் அறை வாசலில் வந்து நிற்கும் பிள்ளையை எனக்கு நன்றாகத் தெரியும். துப்பட்டாவை இறக்கிப் பின்னால் மறைத்திருப்பாள். உள்ளே ஆண் ஆசிரியர்கள் இருப்பார்கள். “மிஸ், வயிறு வலிக்குது” என்பாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. புரிந்துகொள்ளும் ஆசிரியை இருந்தால் பிழைத்தாள். இல்லாவிட்டால் “போய் தண்ணி குடிச்சிட்டு உட்காரு” என்று அனுப்பிவிடுவார்கள்.

மாதத்துக்கு எத்தனை வேண்டும்? கொடுப்பது போதவில்லையா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பாக்கெட்டில் 6 நாப்கின். ஆண்டுக்கு 18 பாக்கெட் என்றால் 108 நாப்கின். மாதத்துக்கு 9 வருகிறது.

ஒரு நாப்கினை ஆறு மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்காமல் மாற்றுவது நல்லது என்றுதான் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறோம். அதன்படி முதல் இரண்டு நாளும் நான்கு நான்கு, மூன்றாம் நாள் மூன்று, அடுத்த இரண்டு நாளும் இரண்டிரண்டு என்று வைத்தாலே 15 ஆகிவிடும். அதிகமாகப் போகும் பிள்ளைக்கு இன்னும் கூடும். நாமே பாடம் நடத்துகிறோம், அந்தப் பாடத்தைக் கடைப்பிடிக்கப் போதுமான பொருளை நாமே கொடுப்பதில்லை. மீதியைத் துணியாலோ, கடையில் வாங்கியோ, ஒன்றையே காலையிலிருந்து சாயங்காலம் வரை வைத்திருந்தோ சமாளிக்கிறார்கள். தொடை உரசிப் புண்ணாகி நடக்க முடியாமல் நடந்து வரும் பிள்ளைகளை உடற்கல்வி ஆசிரியைகள் எல்லோரும் பார்த்திருப்பார்கள்.

ஆந்திராவில் 2021-ல் தொடங்கிய திட்டத்தில் மாதம் 10 கொடுத்தார்கள். அங்கேயும் அதே குறைதான். 15-க்குக் குறைந்த எந்த எண்ணும் பாதி உதவிதான் என்பது என் கருத்து.

வசதி உள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கும் எதற்கு இலவசம்? ஏழைகளுக்கு மட்டும் கொடுத்தால் போதாதா?

போதாது. மாதவிடாய் பள்ளி நேரத்தில் வருவதற்கும் வீட்டு வசதிக்கும் சம்பந்தம் இல்லை. முதல் ஓரிரு ஆண்டுகளில் நாள் கணக்கு பலருக்கும் ஒழுங்காக இருக்காது. பையில் எப்போதும் நாப்கின் வைத்திருக்கும் பழக்கமும் அந்த வயதில் இருக்காது.

இன்னொரு காரணம் இதைவிட முக்கியமானது. ஏழைகளுக்கு மட்டும் என்றால் யார் ஏழை என்று ஒருவர் முடிவு செய்ய வேண்டும், ஒரு பட்டியல் வேண்டும், அந்தப் பட்டியலில் பெயர் இருப்பது வகுப்புக்கே தெரியும். பிள்ளை வாங்கவே வரமாட்டாள். நம் ஊரில் இதை நாம் எப்போதோ கற்றுக்கொண்டுவிட்டோம். காமராஜர் காலத்து மதிய உணவு, 1982-ல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவு, 2022-ல் வந்த காலை உணவு எதிலும் பந்தியில் உட்காரும் பிள்ளையிடம் உங்கள் அப்பா என்ன சம்பாதிக்கிறார் என்று கேட்பதில்லை. பசிக்கு அந்த மரியாதையைக் கொடுத்த நாம் இதற்கும் கொடுக்கலாம்.

இன்றைக்கு நாப்கின் என்பார்கள், நாளைக்கு வேறு எதையாவது இலவசமாகக் கேட்க மாட்டார்களா?

2022 செப்டம்பரில் பீகார் தலைநகர் பாட்னாவில் மாணவிகளுக்காக ஒரு அரசுக் கருத்தரங்கம் நடந்தது. இருபது முப்பது ரூபாய்க்கு நாப்கின் தர அரசால் முடியாதா என்று ஒரு மாணவி எழுந்து கேட்டாள். மேடையில் இருந்த மூத்த பெண் ஐ.ஏ.எஸ். அதிகாரி, நாளைக்கு ஜீன்ஸ் பேண்ட் கேட்பீர்கள், அப்புறம் நல்ல ஷூ கேட்பீர்கள், கடைசியில் ஆணுறையும் இலவசமாகக் கேட்பீர்கள் என்கிற மாதிரி பதில் சொன்னார். காணொளி நாடு முழுக்கப் பரவி, அவர் வருத்தம் தெரிவிக்க வேண்டியதாயிற்று.

அந்தப் பதில் என்னை மிகவும் கோபப்படுத்தியது. ஜீன்ஸ் போடாமல் ஒரு பிள்ளை வகுப்பில் உட்காரலாம். இரத்தம் வடியும்போது ஒன்றும் இல்லாமல் உட்கார முடியாது. பள்ளி நேரத்தில், பள்ளி வளாகத்துக்குள் உடம்புக்குத் தேவைப்படுவதைப் பள்ளிதான் வைத்திருக்க வேண்டும். குடிதண்ணீர் அப்படித்தான் இருக்கிறது, முதலுதவிப் பெட்டி அப்படித்தான் இருக்கிறது. அவற்றை யாரும் இலவசம் என்று குத்திக் காட்டுவதில்லை.

நாப்கின் இல்லாததால் பெண்கள் உண்மையிலேயே பள்ளிக்கு வராமல் இருக்கிறார்களா?

இதில் நேர்மையாகப் பேச வேண்டும். ஏனென்றால் நம் தரப்பில் பேசுபவர்களும் சில சமயம் மிகைப்படுத்துகிறார்கள்.

நேபாளத்தின் சித்வன் பகுதியில் எமிலி ஆஸ்டர், ரெபெக்கா தார்ன்டன் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் பள்ளி மாணவிகளில் ஒரு பகுதியினருக்கு மாதவிடாய்க் கப் (உடம்புக்குள் வைத்து இரத்தத்தைப் பிடித்து, கழுவித் திரும்பப் பயன்படுத்தும் சிறு கிண்ணம்) கொடுத்துப் பார்த்தார்கள். ஆய்வு 2011-ல் வெளியானது. மாதவிடாயால் ஒரு மாணவி இழக்கும் பள்ளி நாட்கள் 180-ல் அரை நாள்கூட இல்லை என்றும், கப் கொடுத்ததால் வருகை பெரிதாக மாறவில்லை என்றும் கண்டார்கள். கானாவில் நடந்த ஒரு சிறிய ஆய்வில் வேறு மாதிரி வந்தது. நாப்கினோடு மாதவிடாய் பற்றிய பாடமும் சேர்த்துத் தந்த பள்ளிகளில் வருகை கூடியது. ஆனால் நாப்கின் இல்லாமல் பாடம் மட்டும் நடத்திய இடத்திலும் சில மாதங்களில் வருகை அதே அளவுக்குக் கூடியது.

ஆகவே நாப்கின் கொடுத்தால் உடனே வருகைப் பதிவேடு நிறைந்துவிடும் என்று நான் வாக்குக் கொடுக்கமாட்டேன். அப்படி வாக்குக் கொடுத்துவிட்டு நடக்கவில்லை என்றால், அதையே காரணம் காட்டித் திட்டத்தை நிறுத்தச் சொல்வார்கள். வந்த பிள்ளை எப்படி உட்கார்ந்திருக்கிறாள் என்பதைப் பதிவேடு காட்டாது. கரும்பலகைக்குக் கூப்பிட்டால் எழுந்து வராத பிள்ளை, விளையாட்டு வகுப்பில் மரத்தடியில் ஒதுங்குகிற பிள்ளை, கழிப்பறைக்குப் போக வேண்டி வருமே என்று காலையிலிருந்து தண்ணீர் குடிக்காத பிள்ளை எல்லோருமே பதிவேட்டில் ‘வருகை’தான். எனக்கு அந்தப் பிள்ளைகள்தான் கணக்கு.

கழிப்பறையே சரியில்லாத பள்ளியில் நாப்கின் கொடுத்து என்ன பயன்?

நல்ல கேள்வி. ஆனால் இதைக் கேட்டுவிட்டு நாப்கினைத் தள்ளிப்போடக் கூடாது. இரண்டும் ஒன்றாக நடக்க வேண்டும்.

நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் மாணவிகள் கழிப்பறை வரிசையில் கடைசிக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. உள்ளே போகிறவள் தண்ணீர் நிறைந்த வாளியைக் கதவுக்கு அண்டை கொடுத்துவிட்டு, ஒரு காலால் வாளியை அழுத்திக்கொண்டே உட்காருவாள். வெளியே தோழி ஒருத்தி காவல் நிற்பாள். அந்த நிலையில் நாப்கினை எப்படி மாற்றுவது? பழையதை எங்கே வைப்பது, புதியதை எங்கே பிரிப்பது, கையை எங்கே கழுவுவது? சுவரில் ஒரு ஆணிகூட இல்லை. பையை ஈரத் தரையில் வைக்க வேண்டும், அல்லது பல்லால் கடித்துப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

தாழ்ப்பாள் போட ஆன செலவு ஒன்றும் பெரிதில்லை. போட்டுக் கொடுத்தவர் உள்ளூர்த் தச்சர், கூலிகூட வாங்கவில்லை. அத்தனை நாள் அது போடப்படாமல் இருந்ததற்குக் காரணம், உள்ளே போய்ப் பார்த்த பெரியவர் யாரும் இல்லை என்பதுதான். ஆசிரியைகளுக்குத் தனிக் கழிப்பறை, அதற்குத் தனிப் பூட்டு.

வேண்டியவை: உள்ளே தாழ்ப்பாள், பையை மாட்ட ஒரு கொக்கி, நாப்கின் வைக்க எட்டும் உயரத்தில் ஒரு தட்டு, மூடியுள்ள குப்பைத் தொட்டி, குழாயில் தண்ணீர், சோப்பு. தண்ணீர்தான் இதில் கஷ்டம். மோட்டார் பழுதானால் ஒரு வாரம் ஆகிவிடும். மற்றவை ஒரே வாரத்தில் முடிகிற வேலை.

பயன்படுத்திய நாப்கினை என்ன செய்வது?

யாரும் பேச விரும்பாத பகுதி இது. தொட்டி இல்லாவிட்டால் பிள்ளைகள் ஜன்னல் வழியாக வெளியே போடுவார்கள், அல்லது கழிப்பறைக் கோப்பையில் போட்டுவிடுவார்கள், அடைத்துக்கொள்ளும். அடைப்பை எடுப்பது யார்? குறைந்த சம்பளத்துக்கு வரும் தூய்மைப் பணியாளர், பெரும்பாலும் கையுறைகூட இல்லாமல். பிள்ளைகளின் கண்ணியத்துக்காகக் கொண்டுவரும் திட்டத்தில் அந்த அம்மாவின் கண்ணியத்தை விட்டுவிடக் கூடாது. மாணவிகளிடம் நான் இதை நேராகவே சொல்வேன்: தாளில் சுற்றித் தொட்டியில் போடு, அதைக் கையால் எடுக்கப்போவது ஒரு மனுஷி.

2016-ம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே, நாப்கினோடு அதைச் சுற்றிப் போட உறையையும் தயாரிப்பாளர்கள் தர வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். உறை இல்லாவிட்டால் பழைய செய்தித்தாளை வெட்டித் தட்டில் அடுக்கி வையுங்கள்.

பல பள்ளிகளில் நாப்கின் எரிக்கும் மின் இயந்திரம் வைத்திருக்கிறார்கள். ஒழுங்காக வேலை செய்தால் நல்லது. ஆனால் நாப்கினில் பிளாஸ்டிக் இருக்கிறது, குறைந்த சூட்டில் அரைகுறையாக எரித்தால் நச்சுப் புகை வரும். புகைபோக்கி வகுப்பறை ஜன்னல் பக்கம் திரும்பியிருப்பதையும் பார்த்திருக்கிறேன். பராமரிக்க ஆள் இல்லாமல் இயந்திரத்தை மட்டும் வாங்கி வைப்பதைவிட, ஊராட்சி அல்லது நகராட்சி வண்டியில் தனியாகப் பிரித்துக் கொடுக்க ஏற்பாடு செய்வது மேல்.

துணி நாப்கின், மாதவிடாய்க் கப் இவற்றைத் தரலாமே?

தரலாம், ஆனால் விருப்பம் உள்ளவர்களுக்கு. கேரளாவில் ஆலப்புழை நகராட்சி 2019-ல் ‘திங்கள்’ என்ற திட்டத்தில் ஆயிரக்கணக்கில் கப் விநியோகித்தது. எர்ணாகுளம் மாவட்டத்தின் கும்பளங்கி 2022-ல் நாப்கின் இல்லாத ஊராட்சி என்று அறிவிக்கப்பட்டது. குப்பையும் குறைகிறது, வருடக்கணக்கில் செலவும் இல்லை. அங்கே வீடு வீடாகப் போய்ப் பேசி, பயிற்சி கொடுத்தார்கள். அந்த வேலையைச் செய்யாமல் பன்னிரண்டு வயதுப் பிள்ளை கையில் கப்பைக் கொடுத்தால் அவள் பயந்துவிடுவாள்.

துணியைக் கேவலமாகப் பேசவும் வேண்டாம். நன்றாகத் துவைத்து, நல்ல வெயிலில் காய வைத்தால் துணியில் தப்பே இல்லை. மறைவாகக் காயப்போட வேண்டியிருக்கிறதே, கட்டிலுக்கு அடியிலும் மற்ற துணிகளுக்குக் கீழும் ஈரம் காயாமல் கிடக்கிறதே, அங்கேதான் தொற்று வருகிறது. பள்ளி நேரத்தில் ஈரத் துணியை மாற்றிப் பையில் வைத்திருப்பதும் எளிதல்ல. எனவே பள்ளித் தட்டில் நாப்கின், வீட்டுக்கு அவரவர் விருப்பம்.

நாப்கினுக்குப் பதில் பணத்தைக் கொடுத்துவிட்டால்?

பீகாரில் அப்படித்தான், மாணவிகளின் வங்கிக் கணக்கில் ஆண்டுக்கு 300 ரூபாய் போடுகிறார்கள். பணம் வீட்டுக்குப் போனதும் அது வீட்டுப் பணம். அரிசிக்கும் மருந்துக்கும் முன்னால் நாப்கினுக்கு எந்த வீட்டில் முதலிடம் கிடைக்கும்? இலங்கையில் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு 2024-ல் பின்தங்கிய பகுதிப் பள்ளி மாணவிகளுக்கு வவுச்சர் கொடுத்தார்கள். அங்கே இறக்குமதி நாப்கின் மீது ஒரு காலத்தில் நூறு சதவீதத்துக்கு மேல் வரி இருந்தது, விலை கைக்கு எட்டாமல் போனது. வவுச்சரில் வேறு பொருள் வாங்க முடியாது என்பதால் பணத்தைவிட மேல். இருந்தாலும் பள்ளியில் திடீரென்று தேவைப்படும்போது வவுச்சர் உதவாது.

வேறு நாடுகளில் என்ன செய்கிறார்கள்?

ஸ்காட்லாந்தைத்தான் முதலில் சொல்ல வேண்டும். 2018-லேயே பள்ளி, கல்லூரிகளில் இலவசமாக வைத்தார்கள். 2020 நவம்பரில் மோனிகா லெனன் என்ற உறுப்பினர் கொண்டுவந்த மசோதா நாடாளுமன்றத்தில் ஒருமனதாக நிறைவேறி, 2022 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. எளிதாகக் கிடைக்க வேண்டும், எடுப்பவரின் கண்ணியம் காக்கப்பட வேண்டும், ஒன்றுக்கு மேற்பட்ட வகை இருக்க வேண்டும் என்பதையெல்லாம் சட்டத்திலேயே எழுதி வைத்தார்கள். நியூசிலாந்து 2020-ல் வைகாட்டோ பகுதியில் 15 பள்ளிகளில் சோதித்துப் பார்த்துவிட்டு, 2021 ஜூனிலிருந்து நாடு முழுக்க விரித்தது.

பணக்கார நாடுகளால் முடியும் என்பீர்கள். கென்யா 2017-லேயே கல்விச் சட்டத்தைத் திருத்தி, பருவமடைந்த ஒவ்வொரு அரசுப் பள்ளி மாணவிக்கும் இலவசமாக, போதுமான அளவில், தரமான நாப்கின் தருவது அரசின் கடமை என்றது. பயன்படுத்தியதை அப்புறப்படுத்தும் ஏற்பாடும் அதே பிரிவில் இருக்கிறது. நிதி ஒதுக்கீடு சட்டத்தின் வேகத்துக்கு வரவில்லை என்பது வேறு விஷயம். ஆனால் ‘போதுமான அளவில்’ என்ற சொல் சட்டத்தில் இருந்தால், குறைத்துக் கொடுக்கும்போது கேள்வி கேட்கலாம்.

நம் நாட்டில் சட்டம் என்ன சொல்கிறது?

ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை மாணவிகளுக்கு இலவச நாப்கினும் தனிக் கழிப்பறையும் வேண்டும் என்று ஜெயா தாக்கூர் என்பவர் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டார். அந்த வழக்கில் 2023 ஏப்ரலில், மாநிலங்களோடு கலந்து நாடு முழுவதற்கும் ஒரே மாதிரியான கொள்கை வகுக்கும்படி ஒன்றிய அரசுக்கு நீதிமன்றம் உத்தரவிட்டது. தனிக் கழிப்பறை கல்வி உரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. ஜி.எஸ்.டி. வந்தபோது நாப்கினுக்கு 12 சதவீத வரி போட்டார்கள். நாடு முழுக்க எதிர்ப்பு கிளம்பி, 2018 ஜூலையில் அதை எடுத்தார்கள். பெண்கள் சத்தமாகக் கேட்டதால் கிடைத்தது அது.

இதற்கு எவ்வளவு செலவாகும்?

மக்கள் மருந்தகத்தில் 2019-ல் ஒரு நாப்கினை ஒரு ரூபாய்க்கு விற்கத் தொடங்கினார்கள். அந்த விலையில் மாதம் 15 என்றால் ஒரு மாணவிக்கு வருடத்துக்கு 180 ரூபாய். போக்குவரத்து, தொட்டி, உறை எல்லாம் சேர்த்து இரண்டு மடங்கு என்றே வைத்துக்கொள்ளுங்கள், 360 ரூபாய். ஒரு பிள்ளையை ஒரு வருடம் படிக்க வைக்க அரசு செய்யும் செலவில் இது எந்த மூலைக்கு?

கொள்முதலை உள்ளூரில் வைத்தால் இன்னும் நல்லது. மலிவு விலையில் நாப்கின் செய்யும் சிறிய இயந்திரத்தை உருவாக்கியவர் நம் கோவைக்காரர் அருணாசலம் முருகானந்தம். 2016-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அந்த இயந்திரத்தை வைத்து எத்தனையோ மகளிர் சுய உதவிக் குழுக்கள் தொழில் செய்கின்றன. பக்கத்து ஊர்க் குழுவிடம் பள்ளி வாங்கினால் அந்தப் பெண்களுக்கும் வருமானம். தரத்தை மட்டும் சோதித்து வாங்க வேண்டும். மலிவு என்று உறிஞ்சாத நாப்கினை வாங்கிக் கொட்டினால் பிள்ளைகள் தொடமாட்டார்கள்.

கழிப்பறையில் திறந்து வைத்தால் அள்ளிக்கொண்டு போய்விட மாட்டார்களா?

முதல் சில நாள் போகும். இன்றைக்கு இருக்கிறது, நாளைக்கு இருக்காது என்ற பயத்தில் எடுப்பார்கள். தினமும் நிரப்பிக்கொண்டே இருந்தால் அந்தப் பயம் போய்விடும், எடுப்பதும் குறையும். அப்புறமும் ஒரு பிள்ளை நான்கைந்து எடுத்துப் போகிறாள் என்றால், அவள் வீட்டில் இன்னொருத்திக்குத் தேவை இருக்கிறது. அதைத் திருட்டு என்று சொல்ல எனக்கு நாக்கு வராது.

சாக்பீஸ் எத்தனை உடைந்து வீணாகிறது? அதற்காக யாரும் சாக்பீஸைப் பூட்டி வைத்துக் கையெழுத்து கேட்பதில்லை.

யார் எடுத்தார்கள் என்று பதிவேடு வேண்டாமா? தணிக்கையில் கேட்பார்களே?

பள்ளிக்கு எத்தனை வந்தது, எத்தனை தட்டில் வைத்தோம், எத்தனை மீதி என்று எழுதினால் போதும். பெயர் வேண்டாம், தேதி வேண்டாம். எந்தப் பிள்ளைக்கு எந்தத் தேதியில் வந்தது என்ற தகவல் ஒரு நோட்டில் இருப்பதே தப்பு. 2025 ஜூலையில் மகாராஷ்டிராவில் தானே மாவட்டத்தில் ஒரு பள்ளிக் கழிப்பறையில் இரத்தக் கறை இருந்ததற்காக, யாருக்கு மாதவிடாய் என்று மாணவிகளின் ஆடையைக் களையச் சொல்லிச் சோதித்தார்கள். பள்ளி முதல்வர் கைதானார். பிள்ளைகளின் உடம்பைப் பற்றிய கணக்கு பள்ளியின் கையில் இருக்கக் கூடாது.

எங்கள் வீட்டில் அந்த நாட்களில் தனியாக உட்கார வைப்பது வழக்கம். பள்ளி இதில் தலையிடலாமா?

வீட்டுக்குள் நடப்பதைப் பள்ளி உத்தரவு போட்டு மாற்ற முடியாது. பள்ளிக்குள் அந்த வழக்கத்துக்கு இடம் கொடுக்கக் கூடாது. 2025 ஏப்ரலில் கோவை மாவட்டத்தில் ஒரு தனியார் பள்ளியில், பூப்பெய்திய எட்டாம் வகுப்பு மாணவி வகுப்பறைக்கு வெளியே படியில் உட்கார்ந்து தேர்வு எழுதினாள். காணொளி வெளியானதும் பள்ளி முதல்வர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். அவள் பட்டியல் சமூகத்துப் பிள்ளை. அந்தப் படியில் எத்தனை விதமான ஒதுக்கல் ஒன்றாக உட்கார்ந்திருந்தது என்று யோசித்துப் பாருங்கள். யார் கேட்டுக்கொண்டாலும் சரி, பரீட்சை எழுதும் பிள்ளைக்கு இடம் வகுப்பறைக்குள்தான்.

பையன்களுக்கும் இதைச் சொல்லித் தர வேண்டுமா?

கட்டாயம். கறை பட்டதைப் பார்த்துச் சிரிப்பவர்கள் அவர்கள்தான், தெரியாததால் சிரிக்கிறார்கள். எட்டாம் வகுப்பு அறிவியலில் பருவமடைதல் பாடம் இருக்கிறது. அந்தப் பாடத்தை “நீங்களே படிச்சுக்கோங்க” என்று தாண்டிப் போகும் ஆசிரியர்கள் எனக்குத் தெரியும். ஆணும் பெண்ணும் ஒன்றாக உட்கார்ந்திருக்கும்போதே நடத்துங்கள். முதல் ஐந்து நிமிடம் கிசுகிசுப்பு இருக்கும், அப்புறம் அடங்கி, நல்ல நல்ல கேள்வியாகக் கேட்பார்கள். எங்கம்மா மாசாமாசம் வயித்த பிடிச்சிக்கிட்டுப் படுக்கிறாங்களே, அது இதுதானா என்று ஒரு பையன் கேட்டது எனக்கு மறக்கவில்லை.

எந்த வகுப்பிலிருந்து நாப்கின் வைக்கத் தொடங்க வேண்டும்?

ஐந்தாம் வகுப்பிலிருந்தே. ஒன்பது, பத்து வயதில் பூப்பெய்தும் பிள்ளைகள் இருக்கிறார்கள். தொடக்கப் பள்ளியில் இதற்கு எந்த ஏற்பாடும் இருப்பதில்லை. என்ன நடக்கிறது என்றே தெரியாமல், அடிபட்டுவிட்டது என்று அழுகிற வயது அது. ஈராசிரியர் பள்ளியாக இருந்து இருவரும் ஆண்களாக இருந்தாலும், ஒரு பாக்கெட் நாப்கினும் ஒரு மாற்று உடையும் இருக்க வேண்டும். கூப்பிட்டால் வந்துவிடக்கூடிய ஒரு பெண்ணின் போன் நம்பரும் வேண்டும், சத்துணவு அமைப்பாளரோ அங்கன்வாடி அக்காவோ யாராக இருந்தாலும் சரி.

எப்போது மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்?

ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைந்தால், ஏழு நாளுக்கு மேல் போனால், வலியால் ஒவ்வொரு மாதமும் பள்ளிக்கு வர முடியாமல் போனால், அனுப்புங்கள். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வுப்படி நம் நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. பள்ளியில் தரும் இரும்புச்சத்து மாத்திரையை ஜன்னலுக்கு வெளியே போடாமல் சாப்பிட வையுங்கள், வெறும் வயிற்றில் வேண்டாம். “எல்லாப் பொம்பளைக்கும் இருக்கிறதுதானே” என்று வலியைத் தள்ளிவிடாதீர்கள்.

நான் பள்ளி மேலாண்மைக் குழுவில் உறுப்பினர். எங்கிருந்து தொடங்குவது?

பள்ளி விட்ட பிறகு இன்னும் இரண்டு அம்மாக்களைக் கூட்டிக்கொண்டு மாணவிகள் கழிப்பறைக்குள் போங்கள். ஒவ்வொரு கதவையும் உள்ளே நின்று தாழ்ப்பாள் போட்டுப் பாருங்கள். குழாயைத் திறந்து பாருங்கள். அப்புறம் மாணவிகளிடம் பெயர் எழுதாத சீட்டில், நாப்கின் மாற்ற என்ன தடை என்று எழுதிப் பெட்டியில் போடச் சொல்லுங்கள். கூட்டத்தில் கைதூக்கச் சொன்னால் ஒருத்தியும் தூக்கமாட்டாள்.

அடுத்த குழுக் கூட்டத்தில் அந்தச் சீட்டுகளைப் படியுங்கள், ஆண் உறுப்பினர்கள் முன்னிலையிலேயே. பீரோவில் இருக்கும் பாக்கெட்டை எடுத்துக் கழிப்பறைத் தட்டில் வைப்பது என்று தீர்மானம் போடுங்கள். அரசு ஒதுக்கீடு தீர்ந்துபோகும் வாரங்களுக்கு ஊராட்சியிடமோ, முன்னாள் மாணவர்களிடமோ கேளுங்கள். ஆண்டு விழாவுக்கு ஷாமியானா போட்டுத் தருபவர்கள் இதற்கும் தருவார்கள், கேட்கத்தான் ஆள் இல்லை. தினமும் காலையில் தட்டை நிரப்பும் பொறுப்பு யாருக்கு என்று ஒரு பெயரையும், அவர் விடுப்பில் போனால் யார் என்று இன்னொரு பெயரையும் அதே தீர்மானத்தில் எழுதி வாங்குங்கள்.